என் குரலுக்காக அக்கா கொடுத்த முடி

முடி இறக்குபவர் குடத்திலிருந்து ஒரு கை நீரை அள்ளி என் அக்காவின் உச்சந்தலையில் ஊற்றினார். மலைத் தண்ணீர். அக்காவுக்கு உடம்பு ஒரு உதறு உதறியது. "சீக்கிரம் எறக்குங்க, குளிரு தாங்கல" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஐம்பத்திரண்டு வயதிலும் அஞ்சலை அக்காவுக்கு இடுப்பைத் தொடும் முடி. தாளிக்க எண்ணெய் இல்லாத நாளிலும் தலைக்கு ஒரு சொட்டு எப்படியோ தேற்றிவிடுவாள். அவளிடம் பெருமை என்று ஒன்று இருந்தால் அது அந்த முடிதான்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஜீப் போய் நிற்கும் இடத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் வரும் சின்ன அம்மன் கோயில் அது. காலை பத்து மணி இருக்கும். சுற்றிலும் சாமைக் கொல்லை, ஈர மண் வாசனை. நான் இரண்டடி தள்ளி நின்றேன். கத்தி முதல் தடவை இறங்கியது. ஒரு கற்றை தோளில் விழுந்து, வழுக்கி, அவள் மடிக்கு வந்தது.

போன என் குரல் திரும்பி வந்ததற்காக அக்கா செலுத்திய வேண்டுதல் அது. ஆனால் என் குரல் எங்கும் போகவில்லை. அந்த இடத்தில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் அது தெரியும். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதுவரை இந்தத் தொடரில் மேடையையும் கைதட்டலையும் பற்றி எழுதி வந்தேன். நம் ஊர்ப் பிள்ளை இத்தாலியில் பாடுகிறானா என்று பலர் மகிழ்ந்து கடிதம் போட்டிருந்தீர்கள். அந்தக் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோயில்தான் நினைவுக்கு வந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் மகன் வேலுதான் வாராவாரம் இதை வாசித்துக் காட்டுகிறான். இந்த வாரம் அவன் என்ன செய்வானோ, எனக்குத் தெரியாது.

மைக் இல்லாத தொழில்

இந்தத் தொடரை இன்றுதான் பிரிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் ஆபராப் பாடகன். கதையை முழுக்கப் பாட்டாகவே நடத்தும் மேடை நாடகம் ஆபரா. அதில் ஆண் குரல்களில் உச்சத்துக்குப் போகிற குரலை டெனர் என்பார்கள். நான் கற்றது பெல் காந்தோ என்கிற பழைய இத்தாலியப் பாணி. மைக் கிடையாது. ஐம்பது அறுபது வாத்தியங்கள் முழங்கும்போது, கடைசி வரிசைக்காரருக்கும் குரல் கேட்க வேண்டும். ஆனால் கத்தியதுபோல் இருக்கக் கூடாது.

தியாகதுருகத்தில் கூலிக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது எப்படி வாய்த்தது என்று கேட்பீர்கள். கேட்டரிங் டிப்ளமோ படித்துவிட்டுச் சுற்றுலாக் கப்பலில் வேலைக்குப் போனேன். சமையல் அறை கிடைக்கவில்லை, சலவை அறை கிடைத்தது. இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுவதற்கே தொண்டை கிழியும். எனக்கு மட்டும் கிழியவில்லை. மேல்தளத்தில் பியானோ வாசித்தவர் ஒருநாள் மேசை விரிப்பு வாங்க வந்தபோது என் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மிச்சக் கதையை முதல் மூன்று வாரங்களில் எழுதிவிட்டேன்.

அந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டபோது சிரித்து மழுப்பினேன். எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. அக்காவைக் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கட்டிக் கொடுத்தோம். மாமா சீக்கிரமே போய்விட்டார். அக்கா கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாகக் கீரை விற்றாள். "கீரே... அரக் கீரே, மொளக் கீரே" என்று அவள் ஒரு முனையில் தொடங்கினால் மூன்று தெருவில் கதவு திறக்கும். அடிவயிற்றிலிருந்து மூச்சைத் தூக்கிக் குரலை முகத்தில் வைத்து வீச வேண்டும் என்று இத்தாலியில் எனக்கு நான்கு வருடம் சொல்லிக் கொடுத்தார்கள். அக்கா அதைத் தலையில் பாரத்தோடு செய்துகொண்டிருந்தாள்.

இதையும் நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. கோபால் என்ற என் பெயரை நாக்கு வளையாமல் பாலோ ஆக்கினார்கள். சரி என்று தலையாட்டினேன். அக்கா என்ன செய்கிறாள் என்று கேட்டால் காய்கறி வியாபாரம் என்பேன். பெரிய கடை என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

இலவு காத்த கிளி

என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதியை நாற்காலியில் கழித்தேன். முதலில் கூட்டத்தில் நின்று பாடும் கோரஸ். பிறகு கவர். அதாவது, முதன்மைப் பாடகருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அவர் இடத்தில் ஏறிப் பாடத் தயாராக இருக்கும் ஆள். மொத்தப் பாடமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். தினமும் போய் உட்கார வேண்டும். அவர் தும்மினால் நமக்கு நெஞ்சு துள்ளும். பிறகு அவர் சுக்குக் கஷாயம்போல ஏதோ ஒன்றைக் குடித்துவிட்டு அருமையாகப் பாடிவிடுவார். நாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

இப்படி இருபது வருடம். இலவு காத்த கிளி என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் படித்தபோது அது நானாக இருப்பேன் என்று தோன்றவில்லை.

நாற்பத்தாறாவது வயதில் ஒரு சிறு நகரத்து அரங்கில் என்னைக் கூப்பிட்டார்கள். கவராக இல்லை, முதன்மைப் பாத்திரத்துக்கு. சுவரொட்டியில் என் பெயர். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன், வெட்கமில்லாமல் இரண்டு தடவை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, முதல் நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது சளி பிடித்துக் குரல்வளை வீங்கியது. மருத்துவர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். ஏழு நாள் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல், இருமலைக்கூட முடிந்தவரை அடக்கு என்றார். எங்கள் தொழிலில் இது புதிது இல்லை. பாடகர்கள் கழுத்தில் துணியைச் சுற்றி, கையில் ஒரு குறிப்பேட்டோடு கடைக்குப் போய் எழுதிக் காட்டித்தான் ரொட்டி வாங்குவார்கள். யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் வேலு போன் செய்தான். அக்கா வீட்டில் இருந்த அம்மா விடியற்காலையில் போய்விட்டாள். "மாமா, கேக்குதா? மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் போனைக் காதில் வைத்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். கட் செய்துவிட்டு, 'வருகிறேன்' என்று எழுதி அனுப்பினேன்.

கருணாபுரத்தில் ஒரு தலையாட்டல்

அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்து எனக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் பிற்பகல் போய் இறங்கினேன். முகத்தில் மாஸ்க், கழுத்தில் கம்பளித் துணி, சட்டைப் பையில் குறிப்பேடு. அந்த வெயிலில் கம்பளி சுற்றியிருந்த ஒரே ஜீவன் நான்தான். ஊதுவத்திப் புகைக்குப் பயந்துதான் மாஸ்க் போட்டேன். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

எங்கள் பக்கத்தில் தூரத்துப் பிள்ளை சாவு வீட்டுக்கு வந்தால் பெண்கள் எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். வந்தவனும் வாய்விட்டு அழ வேண்டும். ஆண்பிள்ளை என்பதெல்லாம் அங்கே கிடையாது. அழுதுகொண்டே ஆளுக்கு ஒரு வரி சொல்லிப் பாடுவார்கள். அக்கா ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கடலு தாண்டி வந்துட்டாம்மா, கண்ணத் தொறந்து பாரும்மா" என்று எடுத்தாள். அந்த ஒரு வரியில் தெருவே அடங்கியது. அடுத்த வரி என்னுடையது.

நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா இன்னொரு முறை எடுத்தாள். மறுபடியும் நான் சும்மா நின்றேன். அவள் விலகி என் முகத்தைப் பார்த்தாள். மாஸ்க்கை அவளே கீழே இழுத்தாள். "இன்னாடா, வாயத் தொறடா" என்றாள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். குறிப்பேட்டை எடுத்து 'தொண்டை சரியில்லை' என்று எழுதினேன். வேலு அதை உரக்கப் படித்தான்.

அத்தோடு நின்றிருந்தால் பாதிப் பொய்தான். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர், பெத்தவ போன அதிர்ச்சியில பிள்ளைக்கு வாய் அடச்சிப் போச்சி என்றார். கூட்டத்தில் அந்தச் சொல் பரவியதை நான் கண்ணால் பார்த்தேன். அக்கா என் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டு, "பேச்சே வரலையாடா? கொஞ்சங்கூட வரலையா?" என்று கேட்டாள்.

நான் வரவில்லை என்று தலையாட்டினேன்.

வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? இன்னும் ஆறு நாளில் மேடை இருக்கிறது, அதற்காகக் குரலைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன், அம்மாவுக்காக அதைச் செலவழிக்க முடியாது என்று குறிப்பேட்டில் எழுதி, அதை வேலு எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்க வேண்டும். உண்மை அதுதான். எழுதிப் பார்க்கும் தைரியம்கூட எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு என்மேல் காட்டிய அன்புக்கு அளவில்லை. அம்மாவுக்காக அழுதவர்கள் எனக்காகவும் சேர்த்து அழுதார்கள். நாள் கூலிக்குப் போகிறவர்கள் வேலையை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் சித்தரத்தை இடித்துக் கொண்டுவந்தார், ஒருவர் தேன் வாங்கி வந்தார், யாரோ மந்திரித்த கயிறு கட்டினார்கள். தொண்டைக்கு நல்லது என்று அத்தனையையும் வாங்கிச் சாப்பிட்டேன். வாய்க்கரிசி போடும்போது எல்லோரும் பெயர் சொல்லி அழுதார்கள். பெற்ற மகன் நான், பொம்மைபோல் போட்டுவிட்டு நகர்ந்தேன். அதற்கும் அவர்களே ஒருவருக்கொருவர் காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

பால் ஊற்றிவிட்டு வந்த அன்று நான் கிளம்பினேன். கருமாதிக்கு இருக்கவில்லை. வெளிநாட்டில் பெரிய டாக்டரிடம் காட்டப் போகிறான் என்று அக்காவே ஊருக்குச் சொன்னாள். கிளம்பும்போது மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, தம்பிக்குக் குரல் வந்தால் முடி தருகிறேன் ஆத்தா என்று வேண்டிக்கொண்டாள்.

வந்துவிட்டது

குறித்த நாளில் பாடினேன். நன்றாகப் பாடினேன் என்பதுதான் கொடுமை. கடைசி உச்ச ஸ்வரம் நின்றபோது அரங்கம் எழுந்து நின்றது. பூச்செண்டு கொடுத்தார்கள். அதை வாங்கும்போது என் கையில் மந்திரித்த கயிறு இன்னும் இருந்தது. ஒப்பனைக்காரப் பெண் அதைச் சட்டைக் கைக்குள் தள்ளி மறைத்திருந்தார்.

மறுநாளே அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஒரு மாதம் முழுக்க நிகழ்ச்சிகள் இருந்தன, இடையில் குரலுக்கு ஓய்வு தேவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிடம் பேசினால் எந்தக் குரலும் போய்விடாது. என்ன சொல்வது என்று தெரியாமல் ஒளிந்துகொண்டேன். இதற்கு நாகரிகமான வார்த்தை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லா நிகழ்ச்சிகளும் முடிந்த பிறகு கூப்பிட்டேன். "அக்கா" என்றேன். அந்தப் பக்கம் "வந்துடுச்சாடா?" என்று ஒரு அழுகை. உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று சத்தியம் செய்வேன். ஆனால் வாயில் வந்தது, "வந்துடுச்சிக்கா."

வேலுவின் ஜீப்

சில மாதங்கள் கழித்து, வேண்டுதலைச் செலுத்த வரச்சொல்லி அக்கா வற்புறுத்தியதால் வந்தேன். வேலு வெள்ளிமலைப் பாதையில் ஷேர் ஜீப் ஓட்டுகிறான். நான் முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா பின்னால் மலைக்காரப் பெண்களோடு சாமை விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். நாலாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே வேலு சாதாரணமாகச் சொன்னான்.

"அம்மா சொல்லிச்சா மாமா? ஒரு மாசம் அது கூவவே இல்ல. ஆத்தாகிட்ட அதையும் சேத்து வேண்டிக்கிச்சாம். எந்தம்பிக்கு இல்லாத கொரலு எனக்கு இன்னாத்துக்குன்னு."

அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வாய் திறக்காமல் தெருத் தெருவாக நடந்திருக்கிறாள். அவள் வந்தது யாருக்குத் தெரியும்? கதவுகள் திறக்கவில்லை. விற்காத கீரையை வாடிப் போகும் முன்னால் வீட்டிலேயே ஆக்கியிருக்கிறார்கள். "மூணு வேளயும் கீரதான் மாமா" என்று வேலு சிரித்தான். நான் பூச்செண்டு வாங்கிய அதே நாட்கள்.

நான் வெளியே பார்த்தேன். ஜீப்பின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வேலு வேகத்தைக் குறைத்தான். அதையும் அவன் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சந்தனம் பூசிய தலை

ஆக, கத்தி இறங்கியபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் நின்றேன். கோயிலில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள், பூசாரி கற்பூரத்தோடு காத்திருந்தார். சபை என்று வந்துவிட்டால் நான் எப்போதும் நல்ல பெயரோடு நிற்கவே பார்ப்பேன். மேடைக்காரன் புத்தி.

முழுத்தலையும் இறக்கி, குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு அக்கா வந்தாள். முகம் சின்னதாகத் தெரிந்தது. காதுகள் பெரிதாகத் தெரிந்தன. அச்சு அசல் அம்மா. என் கையைப் பிடித்துச் சன்னிதி முன்னால் நிறுத்தி, "ஆத்தா குடுத்த கொரலு. மொதல்ல அவ கேக்கட்டும். பாடுடா" என்றாள்.

என் தொண்டையில் அன்று ஒரு குறையும் இல்லை. மூச்சை இழுத்தேன். முடியவில்லை. அக்காவை ஓரமாக, ஜனங்கள் கால் கழுவும் குழாயடிக்குக் கூட்டிப் போனேன்.

"எனக்குக் கொரலு போவவே இல்லக்கா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. பக்தியில் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்தாள். மருத்துவர் சொன்னதையும், மேடையையும், நான் தலையாட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும். அவள் திட்டுவாள், குழாயடிச் செருப்பை எடுத்து அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா மொட்டைத் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சந்தனம்.

"செரி, பேசக் கூடாதுன்னு பேசல" என்றாள் கடைசியில். "அழுவ வந்துச்சில்ல உனக்கு? அடக்கிக்கினுதான இருந்த?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். எனக்காக அவளே கதவைத் திறந்துவிட்டாள். நான் அந்த வாசலில் நுழைந்திருந்தால் அக்கா என்னை அங்கேயே மன்னித்திருப்பாள்.

"இல்லக்கா. பாட்டுதான் ஓடிக்கினு இருந்துச்சி உள்ள. அம்மாவப் பாக்கறேன், எந்த எடத்துல மூச்சு எடுக்கறதுன்னு யோசிச்சிக்கினு இருக்கறேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். சந்தனம் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பூசாரியிடம் போய்த் தட்டை வாங்கிக்கொண்டு, ஜீப் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

இறங்கும்போது அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். வேலு கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினான்.

கருணாபுரத்தில் இறங்கியபோது தெருவே வாசலில் நின்றது. சித்தரத்தை இடித்துக் கொடுத்தவர், கயிறு கட்டியவர், எனக்காக அழுதவர்கள் எல்லோரும் இருந்தார்கள். தம்பிக்குப் பேச்சு வந்துவிட்டதாமே, நிஜமா என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கேயாவது சொல்லிவிட வேண்டும் என்று நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

அக்கா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். மூன்று தெருவுக்குக் கேட்கும் அந்தக் குரலில், "ஆமா, ஆத்தா குடுத்துட்டா" என்றாள்.

அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நீ பேசாத" என்றாள்.